பெரிய மோட்டர் வாங்க முதல்

கேள்வி: வணக்கம் அண்ணை. இணுவிலில் தச்சுப் பட்டறை நடத்துகிறேன். அப்பா கோயில் வாகனங்களைக் கைவேலையாகச் செய்தவர். நான் பாவித்த சிஎன்சி ரவுட்டர் ஒன்றை வாங்கி, சுவாமி அறைக் கதவுகளுக்குப் புடைப்புச் சித்திரம் வெட்டுகிறேன். நேமா 23 ஸ்டெப்பர் மோட்டர்கள். லேபிளில் 3 அம்பியர், 1 ஓம், 3.5 மில்லிஹென்றி, 1.9 நியூட்டன் மீற்றர் என்று இருக்கிறது. எக்ஸ், வை இரண்டுக்கும் டிபி6600 என்று விற்கும் டிரைவர். இசட் டிரைவர் போன வருடம் எரிந்து, டிஎம்542 போட்டேன். 24 வோல்ற் பவர் சப்ளை, 5 மில்லிமீற்றர் புரியிடை உள்ள (ஒரு சுற்றுக்கு அவ்வளவு நகர்த்தும்) போல்ஸ்க்ரூ, ஆர்டுயினோ யூனோ கட்டுப்பாட்டுப் பலகையில் ஜிஆர்பிஎல் மென்பொருள். துல்லியம் கூடும் என்று சொன்னதால் எல்லாவற்றையும் 32 மைக்ரோஸ்டெப்பில் வைத்திருக்கிறேன்.

பிரச்சினை இதுதான். 400 க்கு 600 மில்லிமீற்றர் அளவுப் பலகையை எக்ஸ் திசையில் போய் வந்து, 0.3 மில்லிமீற்றர் இடைவெளியில், நிமிடத்துக்கு 1200 மில்லிமீற்றர் வேகத்தில் வெட்டுகிறேன். இரவு போட்டுவிட்டுப் போனால் காலையில் முடியும். முடிந்து பூச்சியத்துக்கு வந்தால் எக்ஸ் ஒன்றரை மில்லிமீற்றர் தள்ளி நிற்கும். எப்போதும் ஒரே பக்கம்தான். சும்மா ஒரு சதுரம் வெட்டினால் சரியாக இருக்கிறது. வேகத்தை 1400 க்கு மேல் ஏற்றினால் சத்தம் மாறுகிறது. 2500 வைத்தால் ‘வீங்’ என்று கத்தி நின்றுவிடும். மோட்டரில் கை வைக்க முடியாத சூடு. மோட்டருக்குப் பலம் காணாது, நேமா 34 போடு, இல்லையென்றால் குளோஸ்ட் லூப் போடு என்கிறார்கள். எதை வாங்க?

இன்னொன்று: மச்சான் நெல்லி ரசம் போத்தலில் அடைக்கிறார். பழைய ஃபொட்டோகொப்பி மெசினில் கழற்றிய ஆறு வயர் மோட்டரை வைத்து, போத்தல் ஆறு நிற்கும் சுற்று மேசை ஒன்று செய்ய ஆசைப்படுகிறார். சரிவருமா?

பதில்: வணக்கம் தம்பி. இப்போதைக்கு மோட்டர் ஒன்றும் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு வேறு பழுதுகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால்தான் எல்லாரும் மோட்டரைக் குற்றம் சொல்கிறார்கள். ஒன்றரை மில்லிமீற்றர் தள்ளுவதற்கும் 2500 இல் நிற்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முதலில் பலம் காணுமா என்று கணக்குப் பார்ப்போம். 1.9 நியூட்டன் மீற்றர் முறுக்கம், 5 மில்லிமீற்றர் புரியிடை. ஸ்க்ரூவின் வினைத்திறனை 90 சதவீதம் என்று எடுத்தால், தள்ளும் விசை 2100 நியூட்டனுக்கு மேலே வரும். கிட்டத்தட்ட 220 கிலோ எடைக்குச் சமன். இது மோட்டர் நிற்கும்போது உள்ள பலம், ஓடும்போது குறையும். மூன்றில் ஒன்றாகக் குறைந்தாலும் 70 கிலோ மிச்சம். முதிரையோ தேக்கோ, 0.3 இடைவெளியில் பூச்சு வெட்டு வெட்டுகிற சிறு கட்டர் அதில் ஒரு சிறு பங்கைக்கூடக் கேட்காது. ஆகவே 1200 வேகத்தில் உங்கள் மோட்டர் தோற்றுப்போகிறது என்பதை நான் நம்பவில்லை. நம்பாததற்கு இன்னும் வலுவான காரணம் மோட்டருக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் வைத்திருப்பது ஹைபிரிட் வகை ஸ்டெப்பர். நடுத்தண்டில் ஒரு நிரந்தரக் காந்தம், அதன் இரு முனையிலும் பல் வெட்டிய இரண்டு இரும்புத் தொப்பிகள். ஒவ்வொன்றிலும் 50 பல். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி அரைப்பல் விலக்கிப் பொருத்தியிருப்பார்கள். வெளியே இரண்டு கட்டச் சுருள்கள். அவற்றில் மின்னோட்டத்தை முறைவைத்துத் திசை மாற்றினால், தண்டு ஒவ்வொரு முறையும் கால் பல் தூரம் நகரும். நான்கு முறை மாற்றினால் ஒரு பல். ஒரு பல் என்பது 360 இல் 50 இல் ஒன்று, அதாவது 7.2 பாகை. அதில் கால்வாசி 1.8 பாகை. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் என்று எல்லாரும் சொல்லும் கணக்கு இப்படித்தான் வருகிறது.

இனித்தான் முக்கியமான விசயம். சுமை தாங்காமல் மோட்டர் வழுக்கினால், அது அரைகுறையாக வழுக்காது. ஒரு பல்லின் பிடியிலிருந்து விடுபட்டு அடுத்த பல்லின் பிடியில் போய் விழும். ஆகவே பலம் காணாமல் தொலையும் தூரம் எப்போதும் முழுப் பல்லின் மடங்காகவே இருக்கும்: 7.2 பாகை, 14.4 பாகை இப்படி. உங்கள் 5 மில்லிமீற்றர் ஸ்க்ரூவில் ஒரு பல் என்றால் சரியாக 0.1 மில்லிமீற்றர். அதற்குக் குறைந்த அளவில் நிரந்தரமாக ஒரு தள்ளல் உண்டானால், அது முறுக்கம் காணாமல் வந்த தள்ளல் இல்லை.

ஆனபடியால் ஒரு டயல் கேஜ், நுண்ணிய தூரத்தை முள்ளால் காட்டும் அளவி, இரவல் வாங்குங்கள். மேசையில் காந்தக் காலில் நிறுத்தி, ஸ்பிண்டில் பிடிக்கு முட்டுக் கொடுத்துப் பூச்சியம் வையுங்கள். பலகையில் அளக்க வேண்டாம். மாரி காலத்தில் மரமே கால் மில்லிமீற்றர் ஊதும். பிறகு, கட்டர் மரத்தைத் தொடாமல், முள்ளை விட்டு விலகும் பக்கமாக எக்ஸை 10 மில்லிமீற்றர் போய் வர 50 தடவை ஓட விட்டுப் பூச்சியத்துக்கு வரச் சொல்லுங்கள். வெட்டுச் சுமையே இல்லாத இந்த ஓட்டத்தில் முள் 0.08 அளவில் நின்றால், அதை இன்னும் 50 தடவை ஓட்டினால் 0.16 என்று வளர்ந்தால், பழுது மோட்டரில் இல்லை, டிரைவருக்குப் போகும் சிக்னலில் இருக்கிறது. 300 வேகத்திலும் 1200 வேகத்திலும் ஒரே அளவு தள்ளினால் சந்தேகமே வேண்டாம்.

0.08 என்று எப்படி முன்கூட்டியே சொல்கிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் கடிதத்தில் இருந்த கணக்குத்தான். 600 மில்லிமீற்றரை 0.3 ஆல் பிரித்தால் 2000 வரி. இரண்டு வரிக்கு ஒரு போய்வரவு, ஆக 1000 போய்வரவு. 32 மைக்ரோஸ்டெப் என்றால் ஒரு ஸ்டெப்பை 32 துண்டாக்குவது, ஆக ஒரு சுற்றுக்கு ஆர்டுயினோ அனுப்ப வேண்டியது 6400 துடிப்பு. ஒரு துடிப்புக்கு 0.00078 மில்லிமீற்றர். ஒரு போய்வரவுக்கு இரண்டு துடிப்புத் தவறினால் 1000 போய்வரவுக்கு 1.56 மில்லிமீற்றர். நீங்கள் எழுதியது ஒன்றரை. தற்செயலாகவும் இருக்கலாம்தான், ஆனால் நான் பந்தயம் கட்டுவது இதில்தான்.

ஏன் இரண்டு துடிப்பு? ஆர்டுயினோ டிரைவருக்கு இரண்டு செய்தி அனுப்புகிறது. ஒரு வயரில் ‘நகர்’ என்ற துடிப்பு, இன்னொன்றில் ‘எந்தப் பக்கம்’ என்ற திசை. திசையை மாற்றியபின் டிரைவர் அதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். 5 மைக்ரோசெக்கன் என்று பல டிரைவர்களின் தாளில் போட்டிருக்கும். ஜிஆர்பிஎல் திசையை மாற்றிய கையோடு துடிப்பையும் அனுப்பிவிடும். டிரைவருக்குள்ளே சிக்னலை வாங்குவது ஒளி இணைப்பான், சிக்னலை ஒளியாக்கிக் கடத்தும் சிறு பாகம். அது ‘ஒன்’ ஆகும் நேரமும் ‘ஓஃப்’ ஆகும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. மலிவான பலகைகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆகவே வலத்திலிருந்து இடம் மாறும்போது திசை நேரத்துக்குப் போய்ச் சேரும். இடத்திலிருந்து வலம் மாறும்போது பிந்திவிடும். பிந்தினால் முதல் துடிப்பு பழைய பக்கத்துக்கே போகும். முன்னால் ஒன்று போக வேண்டியது பின்னால் ஒன்று போனதால் வித்தியாசம் இரண்டு. இரு பக்கமும் தவறினால் ஒன்றை ஒன்று வெட்டிவிடும், உங்களுக்குத் தெரியவே வராது. ஒரு பக்கம் மட்டும் தவறுவதால்தான் எப்போதும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டே போகிறது. சதுரம் வெட்டினால் திசை மாறுவது ஓரிரு தடவைதான். அதில் என்ன தெரியப்போகிறது?

வை அச்சு ஏன் தப்பியது என்றால், அது ஒரே பக்கமாக 0.3, 0.3 என்று நகர்கிறது, திரும்புவதில்லை. புடைப்புச் சித்திரத்தில் அதிகம் திரும்புவது உண்மையில் இசட். அதில் பழைய டிரைவர் இருந்திருந்தால் கஜலட்சுமி காலைக்குள் பலகைக்குள்ளேயே இறங்கியிருப்பா. அது எரிந்து வேறு டிரைவர் போட்டது உங்கள் அதிர்ஷ்டம்.

திருத்துவதற்குக் காசு வேண்டாம். டிரைவரின் மைனஸ் முனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஆர்டுயினோவின் கிரவுண்டுக்குக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் துடிப்பு ஏறும் கணத்திலேயே டிரைவர் நகரும். திசைக்கு நேரமே இல்லை. ஜிஆர்பிஎல் அமைப்பில் டொலர் 2 என்ற வரி துடிப்பைத் தலைகீழாக்கும். அதில் எக்ஸுக்கு 1, வைக்கு 2, இசட்டுக்கு 4. மூன்றையும் கூட்டி 7 என்று போடுங்கள். இப்போது டிரைவர் நகர்வது துடிப்பின் முடிவில். டொலர் 0 இல் துடிப்பு நீளம் 10 மைக்ரோசெக்கன் என்று இருக்க வேண்டும். யாராவது குறைத்திருந்தால் திரும்ப 10 ஆக்குங்கள். அந்தப் பத்தும் திசை போய்ச் சேரக் காணும். பிறகு அதே 50 தடவைச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். முள் பூச்சியத்தில் நின்றால் இந்தப் பழுது முடிந்தது. முள் கண்டபடி இரு பக்கமும் அலைந்தால் மட்டும் கப்ளிங்கின் குட்டி ஸ்க்ரூக்களைப் பாருங்கள். அவை தண்டில் வழுக்குவது உண்டு.

ஒரு எச்சரிக்கை. இதைச் சரி செய்ய முதல் மைக்ரோஸ்டெப்பில் கை வைக்காதீர்கள். 32 ஐ 8 ஆக்கினால் ஒரு துடிப்பின் தூரம் நான்கு மடங்கு. ஒன்றரை மில்லிமீற்றர் பிழை ஆறேகால் ஆகும். நல்லது செய்யப்போய் ஒரு பலகை வீணாகும்.

சரி, இனி மற்றப் பழுது, வேகம்.

2500 மில்லிமீற்றர் என்றால் நிமிடத்துக்கு 500 சுற்று. செக்கனுக்கு எட்டேகால் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். 6400 ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 53,000 துடிப்புக்கு மேல் வேண்டும். யூனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் நம்பிக்கையாகத் தரக்கூடியது 30,000 அளவுதான். 30,000 ஐ வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் உங்கள் உச்ச வேகம் 1400. நீங்கள் சத்தம் மாறுகிறது என்று எழுதிய அதே இடம்! அதற்கு மேலே துடிப்புகள் சீராக வருவதில்லை; சீரில்லாத துடிப்பைப் பின்தொடர எந்த மோட்டராலும் முடியாது. நேமா 34 போட்டிருந்தாலும் இந்த 1400 இல்தான் கத்தியிருக்கும்.

32 மைக்ரோஸ்டெப் துல்லியத்தைக் கூட்டும் என்று உங்களுக்குச் சொன்னவர் பாதிதான் சொன்னார். மைக்ரோஸ்டெப் என்பது இரண்டு சுருளிலும் மின்னோட்டத்தைச் சைன், கோசைன் அளவில் பங்கிட்டு, தண்டை இரண்டு முழு ஸ்டெப்புக்கு நடுவில் நிறுத்துவது. ஓட்டம் மென்மையாகும், அதிர்வும் சத்தமும் குறையும். அது பெரிய நன்மைதான். ஆனால் 32 இல் ஒரு மைக்ரோஸ்டெப் தள்ளும்போது கிடைக்கும் முறுக்கம், மோட்டரின் பிடிப்பு முறுக்கத்தில் வெறும் 5 சதவீதம். உராய்வு அதை விழுங்கிவிட்டால் தண்டு அசையாது. இரண்டு மூன்று மைக்ரோஸ்டெப் சேர்ந்தபின் அசையும். மோட்டர் செய்யும்போதே ஒரு ஸ்டெப்பில் 5 சதவீதப் பிழை இருக்கலாம் என்றுதான் விற்கிறார்கள். உங்கள் ஸ்க்ரூவில் அது 0.00125 மில்லிமீற்றர், அதாவது நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கும் மைக்ரோஸ்டெப்பை விடப் பெரிது. இந்தப் பிழை சேர்ந்துகொண்டு போகாது என்பது ஸ்டெப்பரின் நல்ல குணம். எப்படியிருந்தாலும் மர வேலைக்கு 8 தாராளம். 8 இல் ஒரு சுற்றுக்கு 1600 துடிப்பு, 2500 வேகத்துக்கு 13,000 சொச்சம். ஆர்டுயினோ களைக்காது. குட்டிச் சுவிச்சுகளை மாற்றியபின், ஜிஆர்பிஎல்லில் ஒரு மில்லிமீற்றருக்கு 1280 என்று இருப்பதை 320 ஆக்க மறக்காதீர்கள். மூன்று அச்சுக்கும்.

துடிப்புச் சீரானால் மட்டும் 2500 வந்துவிடுமா? 24 வோல்ற்றில் கஷ்டம். லேபிளில் 3 அம்பியர், 1 ஓம் என்று இருப்பதால் ‘இது 3 வோல்ற் மோட்டர், 24 கொடுப்பதே கூட’ என்று சிலர் நினைப்பார்கள். நிற்கும் மோட்டருக்கு அது சரி. ஓடும் மோட்டரில் சுருளின் மின்னோட்டம் செக்கனுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மாற வேண்டும், சுருளோ மாற்றத்தை எதிர்க்கும். அந்த எதிர்ப்பின் அளவுதான் 3.5 மில்லிஹென்றி. 24 வோல்ற் கொடுத்தால் 3 அம்பியர் ஏற 0.44 மில்லிசெக்கன் எடுக்கும். 500 சுற்று வேகத்தில் ஒரு முழு ஸ்டெப்புக்குக் கிடைப்பதே 0.6 மில்லிசெக்கன். இதற்குள் மோட்டர் சுழல்வதாலேயே உண்டாகும் எதிர் வோல்ற்றளவு வேறு 24 இல் ஒரு பங்கைத் தின்றுவிடும். மின்னோட்டம் முழுசாக ஏற முன்னமே இறங்கவேண்டிய நேரம் வந்துவிடும். மின்னோட்டம் இல்லையென்றால் முறுக்கமும் இல்லை. 36 வோல்ற் கொடுத்தால் அதே ஏற்றம் 0.29 இல் முடியும்.

அதிக வோல்ற்றில் மோட்டர் எரியாதா? எரியாது. டிரைவர் மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருக்கும். சுவிச்சில் வைத்த அளவைத் தொட்டதும் வெட்டும், குறைந்ததும் மறுபடி கொடுக்கும். செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை. ஆகவே வோல்ற்றளவு எவ்வளவு விரைவாக ஏறும் என்பதைத் தீர்மானிக்கிறது, மின்னோட்டம் எவ்வளவு என்பதைச் சுவிச்சு தீர்மானிக்கிறது. மேல் எல்லைக்குத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: மில்லிஹென்றியின் வர்க்கமூலத்தை 32 ஆல் பெருக்குவது. உங்களுக்கு 60 அளவில் வரும். ஆனால் டிபி6600 பலகைகளில் 42 வோல்ற் வரை, டிஎம்542 இல் 50 வரை என்று போட்டிருப்பார்கள். அந்த விளிம்புக்குப் போகாதீர்கள். வேகமாக ஓடும் அச்சை நிறுத்தும்போது மோட்டர் சிறு டைனமோ போலத் திருப்பிக் கொடுக்கும், அது சப்ளையின் வோல்ற்றை ஏற்றும். 36 வோல்ற், 10 அம்பியர் சப்ளை ஒன்று போதும். இந்த இரண்டு பழுதுக்கும் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது அது ஒன்றுதான். டிபி6600 என்ற பெயரில் வருபவற்றில் உள்ளே வேறு சிப் இருக்கும் பலகைகளும் உண்டு, ஆகவே 36 க்கு மாறிய முதல் நாள் ஹீட்சிங்கில் காற்றாடி வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முடுக்கத்தையும் பாருங்கள். டொலர் 120, 121, 122 என்ற வரிகள். தேர் வடம் பிடித்தவுடன் ஓடாது. மெல்ல அசைந்துதான் வேகம் எடுக்கும். ஸ்டெப்பரும் அப்படி. நின்ற இடத்திலிருந்து நேரே 500 சுற்று என்றால் காந்தப்புலம் முன்னால் ஓடிவிடும், தண்டு அங்கேயே நின்று நடுங்கும். நீங்கள் கேட்கும் அந்த ‘வீங்’ அதுதான். 150 இல் தொடங்கி, ஐம்பது ஐம்பதாக ஏற்றி, வழுக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதில் அரைவாசியில் நிறுத்துங்கள். புடைப்பு வேலையில் நேரத்தை மிச்சம் பிடிப்பது உச்ச வேகத்தை விட முடுக்கம்தான், ஏனென்றால் 400 மில்லிமீற்றருக்கு ஒருமுறை நின்று திரும்ப வேண்டும்.

இதையெல்லாம் செய்தபின் 2500, 3000 வரை போகும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மோட்டரை விட்டுவிட்டு ஸ்க்ரூவை 10 மில்லிமீற்றர் புரியிடைக்கு மாற்றுங்கள். ஸ்டெப்பரை நிமிடத்துக்கு 600 சுற்றுக்கு மேல் விரட்டுவது அதன் இயல்புக்கு மாறானது.

நேமா 34 பற்றி: அந்த எண் மோட்டரின் முகப்பு அளவை மட்டும் சொல்கிறது. 3.4 அங்குலம், அவ்வளவே. பலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெரிய மோட்டருக்குச் சுழலி பாரம், பொதுவாகச் சுருளின் எதிர்ப்பும் கூட. உங்கள் 24 வோல்ற்றில் அது இப்போதிருப்பதை விட மெதுவாகத்தான் ஓடும். டிரைவரும் சப்ளையும் சேர்த்து மாற்றினால்தான் பயன்.

குளோஸ்ட் லூப் நல்ல சாமான், நானே பல இடங்களில் போடச் சொல்வேன். பின்னால் என்கோடர் இருப்பதால் வழுக்கினால் திருத்தும், முடியாவிட்டால் எச்சரிக்கை கொடுத்து நிறுத்தும். ஆனால் அது ஒப்பிடுவது டிரைவர் வாங்கிய துடிப்பையும் தண்டு நின்ற இடத்தையும். டிரைவரே திசையைத் தவறாக வாங்கியிருந்தால், தண்டும் தவறான இடத்துக்குத் துல்லியமாகப் போய் நிற்கும். எச்சரிக்கை ஒன்றும் வராது. ஒளி இணைப்பான் நல்லதாக அமைந்து பழுது தானாக மறைந்திருந்தால், ‘பார்த்தாயா, குளோஸ்ட் லூப் போட்டதும் சரியாயிற்று’ என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

சூட்டுக்கு வருவோம். கை 60 பாகைக்கு மேல் பொறுக்காது. ஸ்டெப்பரின் உடல் 80 பாகை வரை போவது சாதாரணம். இவ்வகை மோட்டரின் சுருள் காப்பு பெரும்பாலும் 130 பாகை தாங்கும் ‘பி’ வகுப்பு. நம் ஊர் மத்தியானத்தில் தகரக் கூரைக்குக் கீழே தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. சூடு அளக்கும் துவக்கு ஒன்றால் பாருங்கள். 80 ஐத் தாண்டினால் டிரைவரின் அட்டவணையைக் கவனியுங்கள். அதில் உச்ச அளவு, சராசரி அளவு என்று இரண்டு நிரல் இருக்கும். உச்ச அளவு 3 க்குக் கிட்ட வரும்படி சுவிச்சுகளை வையுங்கள். டிஎம்542 இல் மோட்டர் நிற்கும்போது மின்னோட்டத்தை அரைவாசியாக்குவது நான்காவது சுவிச்சு. அதை ‘ஓஃப்’ நிலையில் வைத்தால் சூடு நன்றாக இறங்கும். ஸ்டெப்பர் நிற்கும்போதும் மின்சாரம் குடிக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இசட் டிரைவர் ஏன் எரிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மின்சாரம் இருக்கும்போது மோட்டர் வயரைக் கழற்றினீர்களா? அல்லது அசைகிற கேபிளில் வயர் ஒன்று முறிந்து விட்டுவிட்டுத் தொட்டதா? சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென அறுந்தால் அங்கே எழும் வோல்ற்றளவு டிரைவரின் வெளியீட்டைக் கொன்றுவிடும். சப்ளையை நிறுத்தி, விளக்கு அணைந்தபின்தான் எதையும் கழற்ற வேண்டும். கேபிள் சங்கிலியையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஸ்பிண்டிலின் விஎஃப்டி (அதன் வேகத்தை ஆளும் பெட்டி) கேபிளையும் சிக்னல் வயரையும் ஒரே குழாயில் விட்டிருந்தால் பிரியுங்கள். சிக்னலுக்குக் கவசக் கேபிள் என்றால் அதன் கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த்துக்குக் கொடுங்கள். இரவு வேலைக்கு இன்னொன்று அவசியம்: ஹோமிங் சுவிச்சு, அதாவது அச்சின் தொடக்க இடத்தைக் காட்டும் சுவிச்சு. நடு இரவில் கரண்ட் போய் வந்தால் ஆர்டுயினோ தான் எங்கே நின்றேன் என்பதை மறந்துவிடும். ஹோமிங் இருந்தால் காலையில் அதே பூச்சியத்துக்குத் திரும்பி, விட்ட வரியிலிருந்து தொடரலாம். கணினிக்கு மட்டும் யூபிஎஸ் வைப்பதில் பயனில்லை.

இனி மச்சானின் மோட்டர். ஆறு வயர் என்றால் ஒவ்வொரு சுருளுக்கும் நடுவில் ஒரு வயர் எடுத்திருக்கிறார்கள். மல்டிமீற்றரால் அளந்தால் மூன்று மூன்றாக இரண்டு கூட்டம் பிரியும். ஒரு கூட்டத்துக்குள் இரண்டு முனைக்கு நடுவே உள்ள தடை, நடு வயரிலிருந்து ஒரு முனைக்கு உள்ள தடையைப் போல் இரண்டு மடங்கு. நடு வயர் இரண்டையும் தனித்தனியே டேப் சுற்றி விட்டுவிடலாம். முனைகள் நான்கையும் சாதாரண நான்கு வயர் மோட்டர் போல டிரைவருக்குக் கொடுக்கலாம். அப்போது லேபிளில் உள்ள மின்னோட்டத்தில் 70 சதவீதம்தான் வைக்க வேண்டும். சுருள் முழுதாக வருவதால் எதிர்ப்பு நான்கு மடங்கு, வேகம் வராது. போத்தல் மேசைக்கு வேகம் எதற்கு? லேபிள் அழிந்துபோயிருந்தால் குறைந்த மின்னோட்டத்தில் தொடங்கி, ஒரு மணித்தியாலம் ஓட்டிச் சூட்டை அளந்து ஏற்றலாம். மல்டிமீற்றர் கையில் இல்லையென்றால் இரண்டு வயரை ஒன்றோடொன்று முறுக்கித் தண்டைக் கையால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்; ஒரே சுருளின் வயர்கள் என்றால் தண்டு இறுகும்.

ஆனால் மேசையில் ஆறு இடம் என்பதை மாற்றச் சொல்லுங்கள். அதுவும் சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டர் என்றால், 200 ஐ ஆறால் பிரித்தால் 33 உம் மிச்சமும். மைக்ரோஸ்டெப்பில் 1600 ஆக்கினாலும் மிச்சம் போகாது, ஏனென்றால் 200 ஐ இரண்டால் எத்தனை தடவை பெருக்கினாலும் மூன்றால் பிரிபடாது. ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கை நகரச் சொன்னால், சுற்றுக்குச் சுற்று மேசை கொஞ்சம் கொஞ்சமாக விலகி, மத்தியானத்துக்குள் நெல்லி ரசம் போத்தலுக்கு வெளியே ஊற்றும். ஐந்து இடம் வைத்தால் நாற்பது ஸ்டெப், எட்டு வைத்தால் இருபத்தைந்து, கணக்குச் சரி. ஆறுதான் வேண்டும் என்று மச்சான் பிடிவாதம் பிடித்தால், மோட்டரில் 20 பல் கப்பி, மேசைத் தண்டில் 60 பல் கப்பி போட்டுப் பல் பட்டி மாட்டட்டும். ஒரு சுற்றுக்கு 600 ஸ்டெப் வரும், ஓர் இடத்துக்கு நூறு. முறுக்கமும் மூன்று மடங்காகும், நிறைந்த போத்தல்கள் நிற்கும் மேசைக்கு அது வேண்டியும் இருக்கும்.